புன்னைத்துறைச் சேர்மனும் மூன்று பென்சன்காரரும்

கொட்டியாரக் குடாவின் ஓரத்தில், திருகோணமலைக்குப் போவதென்றால் லாஞ்சி என்கிற மோட்டார்ப் படகை நம்பியிருக்கிற சின்னப் பட்டினம் புன்னைத்துறை. 1957இல் அதன் பட்டினசபைத் தலைவர் சுகமில்லையென்று விலகிக்கொண்டார். மற்ற உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான அபூதாஹிர் அன்றைக்குக் கடையில் சரக்கு இறங்குகிறதென்று கூட்டத்துக்குப் பிந்திப் போனவர். அவர் கதிரையில் உட்காருமுன்னமே அவருடைய பெயரை முன்மொழிந்து, வழிமொழிந்து, கைதட்டியும் முடித்துவிட்டார்கள்.

கடற்கரையில் வலை, கயிறு, தார், வள்ளத்துக்கு அடிக்கிற வர்ணம் விற்கிற கடை அவருடையது. கடையில் எப்படியோ, சபையிலும் அப்படியே இருந்தார். ஒரு மூட்டை சீமெந்து வாங்குவதென்றாலும் நாலு இடத்தில் விலை கேட்பார். ரோட்டுக்குப் போடும் கிறவல் கல் ஏற்றிவரும் வண்டிக்குள் தலையை நீட்டி, அடியில் மணல் கலந்திருக்கிறதா என்று கிளறிப் பார்ப்பார். சந்தைக் கடை வாடகை, லாஞ்சி வந்து நிற்கிற ஜெற்றியில் வாங்குகிற சுங்கம், வீடுகளின் சோலைவரி, இவ்வளவும்தான் சபையின் வருமானம். இதற்குள் ரோட்டும் கழிவுநீர் ஓடுகிற காணும் கிணறும் விளக்கும் பார்க்கவேண்டும்.

சிக்கனத்துக்கு அவர் கண்ட முதல் வழி நிலவு. தெருவிளக்குகள் அப்போது மண்ணெண்ணெயில் எரிந்தன. நிலாக்காலத்தில் ஏற்றவேண்டாமென்று உத்தரவு போட்டார். மாரி பிறந்தது. பௌர்ணமியன்று வானம் முழுக்க முகில். இரவு இஷாத் தொழுகை முடிந்து பள்ளியால் வந்த அபூதாஹிர், போன மாதம்தான் தானே நின்று துப்புரவாக்குவித்த காணுக்குள் விழுந்து எழும்பினார். மனைவி பல்கீஸ் அவருடைய காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"நிலவைக் கேட்டுத்தான் சல்லி மிச்சம் புடிக்கிறீங்க. நிலவு உங்களக் கேட்டா வருது?"

அடுத்த நாள் உத்தரவு மாறியது. விளக்கேற்றுகிற கதிரவேலைக் கூப்பிட்டு, "அண்ணன், இனி வானத்தப் பாத்து நீங்களே முடிவெடுங்க. என்னக் கேக்கவேணாம்" என்றார்.

வானத்தைப் பார்க்கும் பொறுப்பைக் கதிரவேலிடம் கொடுத்தவருக்கு, அந்த மனிதனின் கண் மங்கிக்கொண்டு வருவது தெரியாது. நாலாம் வருசம் ஒரு பின்னேரம், கம்பத்தில் சாத்துவதாக நினைத்து, ஏணியை அதற்குப் பக்கத்து முருங்கைக் கிளையில் சாத்தி ஏறிவிட்டார் கதிரவேல். தோளெலும்பு முறிந்தது. அபூதாஹிர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்.

"கண் தெரியல்லண்டு ஏன் அண்ணன் சொல்லல்ல?"

"சொன்னா நிப்பாட்டிப்போடுவியள், சேர்மன்."

"நிப்பாட்டினா என்ன? பென்சன்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

கதிரவேல் சிரித்தார். "அது கந்தோரில மேசை வச்சிருக்கிற ஆக்களுக்கு. நான் நாள் சம்பளக்காரன். நாள் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுது."

சபையின் எல்லாச் செலவும் தனக்கு மனப்பாடமென்று நினைத்திருந்த அபூதாஹிருக்கு, இப்படியொரு செலவு செய்யப்படாமலே கிடக்கிறதென்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த மாதக் கூட்டத்தில் ஒரு பிரேரணை வைத்தார். சந்தையில் புதிதாக இரண்டு கடை கட்டுவது. அதன் வாடகையைத் தொடாமல் தனியாகப் போட்டு, இருபது வருசத்துக்கு மேல் சபைக்கு வேலை செய்து தளர்ந்த நாள் சம்பளக்காரருக்கு மாதாமாதம் கொடுப்பது.

எதிர்த்தவர் முஹம்மது தம்பி. கெட்ட மனிதரல்ல, வடக்கு வட்டாரத்து உறுப்பினர், தன்னுடைய பக்கத்து ரோட்டுக்கு ஆறு வருசமாகக் கிறவல் கேட்டுக்கொண்டிருந்தவர், அபூதாஹிரை மூத்தவரென்று 'காக்கா' என்றே கூப்பிடுகிறவர்.

"இண்டைக்கு மூணு பேரு. நாளைக்கு முப்பது பேரு வந்து நிப்பாங்க. அப்ப என்ன காக்கா செய்வீங்க?"

"முப்பது வராது. நம்மட்ட மொத்தமே பதினொரு பேருதான் வேலை செய்றாங்க" என்றார் அபூதாஹிர்.

சபை சிரித்தது, பிரேரணை நிறைவேறியது. மேலிடத்து அனுமதிக்கு இரண்டு வருசம் எழுதிக்கொண்டேயிருந்தார். வந்ததும் மூன்று பேருக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். கதிரவேலுக்கு, சந்தைக் காவலாளி ஸெய்னுதீனுக்கு, சந்தையைக் கூட்டிக் கூட்டி முழங்கால் மடங்காமற்போன வள்ளிநாயகிக்கு. சின்னத் தொகைதான். ஆனாலும் ஊரில் அவர்களுக்குப் 'பென்சன்காரர்' என்று பெயர் வந்துவிட்டது. கடைக்காரர் கடன் கொடுத்தார்கள்.

1964 மார்கழியில் சூறாவளி அடித்தது. விடிந்து பார்த்தால் சந்தைக்குக் கூரையில்லை. ஜெற்றியில் பாதிக்குமேல் கடலோடு போய்விட்டது. லாஞ்சி கரைக்கு வர வழியில்லாமல் தள்ளி நின்றது. சாமான்களை இடுப்பளவு தண்ணீரில் தலையில் சுமந்து இறக்கினார்கள். கூலி ஏறியது, அரிசி விலை ஏறியது, வெளியூர் வியாபாரிகள் சந்தைக்கு வருவதை விட்டார்கள். சுங்கமும் இல்லை, வாடகையும் இல்லை. ஜெற்றி கட்ட அரசாங்கம் பாதி தருவதாகச் சொன்னது. மறு பாதியைச் சபை போடவேண்டும். சபையிடம் மிச்சமிருந்தது, தொடுவதில்லையென்று வைத்த அந்தப் பென்சன் பணம் ஒன்றுதான்.

கூட்டத்தில் அதை முதலில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அபூதாஹிரே சொன்னார். வாக்கெடுப்பு வந்தபோது முதலில் தூக்கிய கையும் அவருடையதுதான்.

"காக்கா, நீங்களா?" என்றார் முஹம்மது தம்பி. அவருக்கே பொறுக்கவில்லை.

"ஜெற்றி இல்லாட்டி சந்தை இல்ல. சந்தை இல்லாட்டி வாடகை இல்ல. வாடகை இல்லாம அவங்களுக்கு எங்க இருந்து குடுக்கிற?"

நியாயமான கதைதான். பென்சன்காரருக்குக் கடிதம் அனுப்பலாமென்று சபைச் செயலாளர் சொன்னார். "கடிதத்தில சொல்ற கதையா இது?" என்று குடையை எடுத்துக்கொண்டு தானே புறப்பட்டார்.

ஸெய்னுதீன் கேட்டுவிட்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கதிரவேல், "ஜெற்றிதான் முக்கியம், சேர்மன். நீங்கள் யோசியாதேங்கோ" என்று அவருக்கே ஆறுதல் சொன்னார். அதைத் தாங்குவது அபூதாஹிருக்குப் பெரும்பாடாகிப் போயிற்று. வள்ளிநாயகி அப்படியல்ல. கிடுகு வேய்ந்த வீட்டின் பாதி வானம் பார்த்துக் கிடக்க, வாசலில் நின்றே கேட்டாள்:

"புயல் என்ர கூரையையுந்தான் கொண்டுபோனது. அதுக்கு ஆர் காசு சேர்த்து வச்சிருக்கினம்?"

பேசுகிற அளவுக்கு அவள் பேசி முடித்தாள். பிறகு, "நிக்கிறியள், இருங்கோ" என்று தூசி தட்டிவிட்ட பெட்டியொன்றில் அவரை இருத்தினாள்.

"சேர்மன், பென்சனை நிப்பாட்டுங்கோ. ஆனா இருந்து செய்யிற வேலையொண்டு தாங்கோ. எனக்கு முழங்கால்தான் ஏலாது. வாயும் கையும் நல்லாயிருக்கு."

"இருந்து செய்ற வேலை என்ன இருக்கு அக்கா?"

"ஜெற்றியில சுங்கம் வாங்கிறது. முந்தி நிண்டவர் சொந்தக்காரனையும் விட்டார், சிநேகிதனையும் விட்டார், வெத்திலை குடுத்தவனையும் விட்டார். நான் சந்தைக்குள்ள இருந்து பாத்தனான். எனக்கு இந்த ஊரில சொந்தமில்லை. வெத்திலையும் போடுறதில்லை."

"சில்லறை எண்ணத் தெரியுமா?"

"கதிரவேலண்ணையைப் பக்கத்தில இருத்துங்கோ. கண் தெரியாட்டியும் சதத்தைத் தடவிச் சொல்லுவார்."

அடுத்த வருசக் கடைசியில் ஜெற்றி எழும்பியது. அதன் தலைமாட்டில் தகரம் போட்ட சின்னக் கொட்டில். உள்ளே இரண்டு கதிரை. அவள் சுங்கத்துக்கு ரிக்கற் கிழித்துக் கொடுத்தாள். அவர் காசை விரலால் உருட்டி வகைவகையாகப் பெட்டியில் போட்டார். முதல் வாரமே ஊர் முறையிட்டது. பள்ளித் தலைவரின் மருமகன், கோயில் தர்மகர்த்தா, முஹம்மது தம்பியின் கொப்பரா மூட்டை எல்லாவற்றுக்கும் வள்ளிநாயகி காசு வாங்கிவிட்டாளாம். அபூதாஹிர் ஒவ்வொருவரிடமும், "அப்படியா? கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் அவரே கயிற்றுக் கட்டொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு லாஞ்சியால் இறங்கி வந்தார்.

"சேர்மன், ரிக்கற்."

"நான் சபை வேலையாப் போய் வாறன் அக்கா."

"உங்களுக்கு வேணாம். கயிறுக்கு."

கட்டை இறக்கி வைத்துவிட்டு, மடியை அவிழ்த்துக் காசைக் கட்டினார். அன்று பின்னேரத்துக்குள் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் அந்தக் கதையை, தனக்கு ஏதோ பட்டம் கிடைத்தது போலச் சொன்னார்.

ஜெற்றி வருமானம் முன்னையைவிடக் கூடியது. அடுத்த வருசம் பென்சன் திரும்ப வந்தது. வள்ளிநாயகி மட்டும், பென்சனும் வேணும், கதிரையும் வேணும் என்று நின்றாள். "ரெண்டும் ஏலாது அக்கா, கணக்குப் பாக்கிற ஓடிட்டர் என்னத் திண்டுடுவான்" என்று அபூதாஹிர் கெஞ்சினார். கடைசியில் அவள் கதிரையைத்தான் எடுத்தாள். முழங்கால் வீட்டுப்படி இறங்கவும் விடாத காலம் வந்த பிறகே பென்சனுக்குச் சம்மதித்தாள்.

சூறாவளிக்குப் பிறகு பழைய கிணறுகளையும் ரோட்டையும் திருத்துவதற்குச் சோலைவரியைக் கூட்டினார் அபூதாஹிர். கிணறு திருந்தியது, அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். "அல்ஹம்துலில்லாஹ். இனியாவது ஊட்டுக் கூரையப் பாருங்க" என்றாள் பல்கீஸ். அவர் கூரையைப் பார்க்கவில்லை. காலையில் குடையை ஊன்றிக்கொண்டு காண் காணாகத் தட்டிப் பார்த்து, எங்கே அடைத்திருக்கிறதென்று புதுச் சேர்மனுக்குச் சொல்லிவிட்டுத்தான் கடை திறப்பார். புதுச் சேர்மன் முஹம்மது தம்பி. அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வடக்கு வட்டார ரோட்டுக்குக் கிறவல் போட்டார், பென்சனில் கைவைக்கவில்லை. கதிரவேல் 1972இல் கண்மூடியபோது இரண்டு பேருமாகத்தான் சுடலைவரை நடந்தார்கள்.

1981இல் பட்டினசபைகளே இல்லாமற்போயின. பொறுப்பெல்லாம் திருகோணமலைக்குப் போனது. அந்தக் குழப்பத்தில் மிச்சமிருந்த இரண்டு பேருடைய பென்சனும் நின்றது. இழுப்பு நோயோடு இருந்த அபூதாஹிர், பல்கீஸ் கத்தக் கத்த, ஸெய்னுதீனையும் வள்ளிநாயகியையும் கூட்டிக்கொண்டு லாஞ்சி ஏறினார். கந்தோரில் ஒரு இளம் உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கதைத்தார். ஆட்கள் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி வேண்டுமென்றார்.

"அத்தாட்சியத்தானே தம்பி கூட்டி வந்திருக்கன்" என்றார் அபூதாஹிர்.

வள்ளிநாயகி மேசைக்கு மேலால் கையை நீட்டினாள். "தொட்டுப் பாருங்கோ தம்பி."

அவர் சிரித்து, கையொப்பம் வைத்து, முத்திரையும் குத்தினார். பிறகு அபூதாஹிரைப் பார்த்து, "உங்கட பென்சன் இலக்கத்தையும் சொல்லுங்கோ ஐயா, எழுதிவிடுறன்" என்றார்.

"எனக்கு இல்ல மகன். நான் சேர்மனா மட்டுந்தான் இருந்தனான்."

வெளியே வந்ததும் மூவருக்கும் பசி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஆறுதலாக இருந்து இடியப்பம் தின்று, தேத்தண்ணி குடித்து, கதைத்துக்கொண்டிருந்ததில் பின்னேர லாஞ்சி போய்விட்டது. பஸ்ஸிலும், ஆறு கடக்கிற பாதைப் படகிலுமாக, சுற்றிச் சுற்றித்தான் ஊருக்கு வரவேண்டியிருந்தது. பள்ளம் ஒவ்வொன்றிலும் பஸ் விழுந்து எழும்ப, வள்ளிநாயகி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வழிநெடுக அவரைத் திட்டினாள். அபூதாஹிர் யன்னலோரம் இருந்து, இந்த ரோட்டுக்கு எத்தனை லோட் கிறவல் வேண்டுமென்று ஸெய்னுதீனிடம் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.