அண்ணா ஏன் காரை விட்டு இறங்கினார்

அண்ணாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாவின் வலது தோள் எப்படி உடைந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம், பனியில் சறுக்கி விழுந்துவிட்டார் என்று சொன்னவள் நான். அது பொய். அதை நம்பி எண்ணெயும் சாப்பாடும் கொண்டுவந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதும்போதும் இதனால் யாருக்கு என்ன வரப்போகிறதோ என்று யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவர். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். ஷெல் விழுந்து ஐயா இறந்தபோது அண்ணாவுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பத்து. ஐயாவின் முகத்தை அம்மா பார்க்கக்கூடாது என்று தன் சாரத்தைக் கழற்றி மூடிவிட்டு, அரைக் காற்சட்டையோடு நின்றவர் அண்ணா. அதற்குப் பிறகு என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனதும் அவர்தான்.

போகும் வழியில் சந்தியில் ஒரு காவலரண் இருந்தது. அதற்கு எட்டத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஆமிக்காரரிடம் நாங்களே நடந்துபோக வேண்டும். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்த ஒரு நாள், மடியில் புத்தகங்களோடு ஒரு அரிசிப் பையும் இருந்தது. நான் இறங்கச் சுணங்கியதால் அண்ணாவும் சுணங்கிவிட்டார். ஒரு சிப்பாய் ஓடிவந்து துவக்குப் பிடியால் அண்ணாவின் வாயில் அடித்தான். விழுந்தவரின் கையைச் சப்பாத்தால் மிதித்துக்கொண்டு, அட்டை எங்கே என்று கேட்டான். அட்டை அந்தக் கைக்குள்ளேதான் இருந்தது. மதியம்வரை தார் ரோட்டில் முழங்காலில் வைத்தார்கள். சேர்ட்டில் இரத்தம் காய்ந்து மட்டைபோல் ஆகிவிட்டது. நான் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அடுத்த நாளிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை.

அன்றுமுதல் சீருடையைக் கண்டால் அண்ணா இருந்த இடத்தில் இருக்கமாட்டார். எழும்பி, அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தானாகவே கிட்டப் போவார். நோர்வேக்கு வந்தும் அது மாறவில்லை. டி-பானா என்ற நகர ரயிலில் டிக்கெட் பரிசோதகர்கள் ஏறினால், எல்லாரும் இருக்க இவர் மட்டும் எழும்பி அவர்களிடம் நடந்துபோவார். அவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

இங்கே அவர் வடக்கில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார், பிறகு ஒஸ்லோவில் பஸ் ஓட்டினார். ஸ்டோவ்னரில் வீடு வாங்கி, என்னையும் கூப்பிட்டு, தன் மகள் துளசியைப் படிக்க வைத்தார். ஒரு பயணி, கறுப்பன் ஓட்டும் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று ஏசிவிட்டு, பிறகு ஏறிவந்து போத்தலால் காதடியில் அடித்தான். ஏழு தையல். முறைப்பாடு வேண்டாம், வேலை போய்விடும் என்று அன்றைக்கும் நான்தான் அண்ணாவைக் கெஞ்சினேன்.

துளசி கலியாணம் செய்து அமெரிக்காவுக்குப் போனாள். சென்ற வருடம் அவளிடம் இரண்டு மாதம் நின்றுவர அண்ணா போனார். தேர்தல் முடிந்து நெடுநாளாகியும் அந்தத் தெருவில் முற்றங்களில் நட்ட கட்சிப் பலகைகள் எடுபடவில்லை. முன்பெல்லாம் கை காட்டும் பக்கத்து வீட்டுக்காரர், “உங்கள் பேப்பரெல்லாம் சரிதானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்கத் தொடங்கியிருந்தார். கடைக்குப் போனால் ஒருவர் பின்னாலேயே வருவார். அண்ணா இதையெல்லாம் எனக்கு போனில் பகிடியாகத்தான் சொன்னார். “எனக்குப் பாதுகாப்புக்கு ஆள் விட்டிருக்கினம், பிள்ளை” என்றார்.

ஏழு வயதுப் பேத்தி ஒரு வீட்டில் பியானோ படிக்கிறாள். ஒரு பின்னேரம் அவளை விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை அண்ணா காருக்குள் இருந்தார். எதிர்வீட்டிலிருந்து யாரோ பொலிசுக்கு அழைத்திருக்கிறார்கள். தெரியாத கறுத்த ஆள் அரை மணித்தியாலமாக வீடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னார்களாம். பொலிஸ் கார் பின்னால் வந்து நின்று வெளிச்சத்தைப் போட்டது.

அண்ணா கதவைத் திறந்து இறங்கினார். கடவுச்சீட்டை வலது கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு விரைவாக அவர்களை நோக்கி நடந்தார்.

அந்த நாட்டில் பொலிஸ் வந்து நின்றால் காரை விட்டு இறங்கவே கூடாதாம். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டுமாம். ஒரு பொலிஸ்காரன் துவக்கை நீட்டிக் கத்தினான். அண்ணா கடவுச்சீட்டை இன்னும் உயர்த்திக் காட்டினார். மற்றவன் பக்கவாட்டில் பாய்ந்து விழுத்தி, உயர்த்திய கையைப் பின்னால் முறுக்கினான். தோள் உடைந்த சத்தம் தனக்கே கேட்டது என்று அண்ணா சொன்னார். முழங்கால் கழுத்தில். முகத்தைத் தாரில் வைத்து அழுத்தியதில் கன்னத்தோல் உரிந்து இரண்டு பல் போயின. பியானோ வீட்டு வாசலில் பேத்தி புத்தகப் பையோடு நின்றாள்.

அந்தத் தெருவில் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்த டெனிஸ் என்ற கறுப்பினப் பெண் பையைக் கீழே போட்டுவிட்டு போனில் படம் பிடித்தார். “அந்த மனிசனுக்கு மூச்சு வரேல்லை” என்று கத்திக்கொண்டே பிடித்தார். விலகிப் போ என்று அவர்மேலும் துவக்கை நீட்டினார்கள். அவர் போகவில்லை. முழங்காலை எடுக்கும்வரை அசையவில்லை. அவருடைய ஆட்களைப் பற்றி எங்கள் வீடுகளில் சொல்லும் சொல்லை இங்கே எழுதமாட்டேன். அண்ணாவும் அதைச் சொன்னவர்தான். இரண்டு நாளுக்கு முன்தான், இந்த ஆக்கள் திரிகிற இடம், கார்க் கண்ணாடியை ஏற்று என்று துளசிக்குச் சொல்லியிருந்தார். பிறகு அதை நினைத்து நினைத்து வெட்கப்பட்டார்.

விலங்கு போட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய், வழக்கு ஒன்றும் இல்லையென்று இரவுக்குள் விட்டுவிட்டார்கள். அங்கே நெடுங்காலம் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் எனக்கு போன் எடுத்தார். பெயர் வேண்டாம், இந்த மலர் அவர் வீட்டுக்கும் போகும்.

“நாங்கள் சட்டத்தை மதிக்கிற ஆக்கள் எண்டு அவங்களுக்குத் தெரியும். அந்தக் கறுப்பு ஆக்களோடை எங்களைச் சேர்க்கமாட்டாங்கள். உவர் ஏன் காரை விட்டு இறங்கினவர்?” என்றார்.

அண்ணா ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்தார். இங்கே தோளில் தகடு வைத்தார்கள். டெனிஸ் பிடித்த படத்தையும் சேர்த்து, அங்கேயுள்ள ஒரு சட்டத்தரணி மூலம் துளசி முறைப்பாடு கொடுத்தாள். நான் அண்ணாவின் குசினியில் நின்று சண்டை பிடித்தேன்.

“விடுங்கோ அண்ணா. பிள்ளை அங்கை இருக்கிறாள். நாளைக்கு அவளின்ரை பேப்பரிலை கை வைச்சால்?”

“பஸ்ஸிலை போத்திலாலை அடிச்ச அண்டைக்கும் நீ இதைத்தான் சொன்னனி. பேசாமல் இருந்தனான். அடுத்த கிழமை அவன் திரும்பவும் என்ரை பஸ்ஸிலை ஏறினவன். நான் ‘ஹாய்’ சொன்னனான். தெரியுமோ?”

“தெரியாது.”

“உனக்குச் சொல்லேல்லை. பேத்தி என்னைக் கேட்டவள், அம்மப்பா நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள் எண்டு. அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

அண்ணி அடுப்பை நிறுத்திவிட்டு, “ரெண்டு பேரும் கத்தினது காணும், சாப்பிடுங்கோ” என்றார். ஒருவரும் சாப்பிடவில்லை.

மாசியில் பதில் வந்தது. கையில் ஒரு பொருளோடு தங்களை நோக்கி விரைந்து வந்தபடியால் பொலிசார் நடந்துகொண்டது விதிகளுக்கு உட்பட்டதாம். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் இவர் ஏன் அப்படி நடந்துவந்தார் என்பதற்கு, அந்தப் பழக்கம் வந்ததை ஊரில் நேரில் கண்ட ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார் சட்டத்தரணி. காவலரணில் கண்டவர்களில் உயிரோடு இருப்பது நான் மட்டும்தான்.

“உன்னட்டைத்தான் கேக்கவேணும், பிள்ளை,” என்றார் அண்ணா.

என்னால் ஏலாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு காலை, ஸ்டோவ்னர் நிலையப் படியில் மாரடைப்பில் விழுந்து, ஆசுப்பத்திரியில் இறந்தார். வைத்தியர் அந்த அடியையும் இதையும் சேர்த்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன், எனக்கு அந்தப் படிப்பு இல்லை. ஆனால் அண்ணா கேட்டதற்கு நான் சரி என்று சொல்லாமலே அவர் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள், செத்த வீட்டுக்கு வந்திருந்த துளசியோடு கணினிக்கு முன்னால் இருந்தேன். சட்டத்தரணி கேட்டதை அவள் தமிழில் சொன்னாள். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அரிசிப் பையைப் பற்றியும் சொன்னேன். சுணங்கியது நான் என்றும் சொன்னேன். முடிவில் துளசி கேட்டாள்.

“மாமி, உங்கடை முழுப் பேரையும் போடலாமோ எண்டு சட்டத்தரணி கேக்கிறா. பயம் எண்டால் வேண்டாமாம்.”

“பயம்தான். போடச் சொல்லு.”

அண்ணாவை ஆசுப்பத்திரியில் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், அவரைத் தோளில் சுமந்த பஸ் சாரதி நண்பர்களுக்கும், இன்று மண்டபத்தில் சமைத்துத் தந்த ஸ்ட்ரோம்மன், லில்லெஸ்ட்ரோம் உறவுகளுக்கும், அண்ணியைத் தனியே விடாத அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. டெனிஸுக்கு இந்த மலர் ஒன்று தபாலில் போகிறது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் அண்ணாவின் படம் இருக்கிறது.

ஏன் இறங்கினவர் என்று கேட்ட உறவினருக்கும் நன்றி. அவர் கேட்டிராவிட்டால் இவ்வளவையும் எழுதியிருக்கமாட்டேன். என் வாக்குமூலம் போன கிழமை அங்கே பதிவாகிவிட்டது. அனுப்பிய அன்றே, திருப்பி எடுக்கலாமோ என்று துளசியிடம் கேட்டேன். இனி எடுக்க ஏலாது மாமி என்றாள். நல்லது என்றேன்.