கை தூக்காத பெரியநாயகி

களமருதூரில் நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு எதுவானாலும் முன்னால் நிற்கிற ஆள் பெரியநாயகிதான். அவளை வார்டு மெம்பராக்கியதும் கூட வேலைசெய்யும் பெண்கள்தான்.

மெம்பரான புதிதில் ஒரு கூத்து நடந்தது. நல்ல நடவு நேரத்தில் ஊராட்சிக் கூட்டம் வந்துவிட்டது. மெம்பருக்குச் சம்பளம் கிடையாது, போனால் அன்றைய கூலி போச்சு. கழனி வேலைக்கு ஒருத்தி வரமுடியாவிட்டால் வீட்டிலிருந்து வேறு ஆளை அனுப்புவது வழக்கம். அதே நினைப்பில் தன் ஓரகத்தி எழில்மதியைக் கூட்டத்துக்கு அனுப்பிவைத்தாள் மகராசி. எழில்மதியும் போய் நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானத்துக்குக் கை தூக்கிவிட்டாள். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு பெரியநாயகி ஒரு கூட்டத்தையும் விடவில்லை. வீட்டில்தான் அரை வயிறும் கால் வயிறுமாக ஓடியது. அடுத்த தேர்தலில் மறுபடி நிற்கச் சொன்னபோது, ஆளை விடுங்கள் என்று கும்பிட்டுவிட்டாள்.

போன மாதம் தமிழழகன் ஊரைக் கூட்டினார். பெரிய கரும்புக்காரர். இந்தப் பெண்களுக்குப் பாதி வருஷம் வேலை அவர் கரும்புக் கொல்லையில்தான். எம்.எல்.ஏ.க்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே ஏற்றிக்கொள்கிறார்கள், சேவைக்குச் சம்பளம் எதற்கு, அடியோடு நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போடுவோம் என்றார். எல்லாக் கைகளும் மேலே போயின. பெரியநாயகியின் கை மடியிலேயே கிடந்தது. அவர் காரணம் கேட்டார். கரும்பு வெட்டு தொடங்குகிற நேரம், இவரைப் பகைத்துக்கொண்டால் பிழைப்பு போய்விடும் என்று பயந்து எழில்மதி அவளை இடித்தாள். பெரியநாயகி எழுந்தேவிட்டாள்.

"சம்பளம் இல்லன்னா நீங்க எம்.எல்.ஏ. ஆவலாங்கய்யா. நாங்க இன்னா பண்றது? கூலிய வுட்டுட்டுப் போனா வூட்ல அடுப்பு எரியாது. அதுக்குப் பயந்துதான் அன்னிக்கு வேற ஆள அனுப்பி அசிங்கப்பட்டேன். சம்பளம் குடுக்கணும். எவ்ளோன்னு அவங்களே போட்டுக்கக் கூடாது, வெளியாளுங்க ஒக்காந்து முடிவு பண்ணட்டும்."

ஊர் சிரித்த கதையை ஊருக்கு நடுவில் தானே எடுத்துச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? எனக்கு வராது. தமிழழகனின் முகம் கறுத்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

வெட்டு தொடங்கியதும் அவருடைய ஆள் வந்து எல்லாரையும் கூப்பிட்டான், பெரியநாயகி மட்டும் வேண்டாமாம். தன்னால் யாரும் பட்டினி கிடக்க வேண்டாம், போய் வேலையைப் பாருங்கள் என்று அவளே அவர்களை விரட்டினாள். ஒருத்தியும் நகரவில்லை. எழில்மதிதான் வாய் திறந்தாள்.

"அன்னிக்குப் பயந்துக்கினு கை தூக்கிட்டோம்க்கா. மணலூர்பேட்டப் பக்கம் வெட்டுக்கு ஆளு கேக்கறாங்களாம். நீ வந்தாத்தான் நாங்க போவோம்."