அப்பா உருவிய கறிவேப்பிலை

சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு எழுவது அப்பாவின் பழக்கம். என் உணவகத்தில் அதை அவர் செய்யக் கூடாது. வெள்ளைத் துணி விரித்த மேசையிலிருந்து அவர் கை தட்டோடு உயரும்போதெல்லாம், "அப்பா, வைங்க" என்று ஓடி வருகிறேன். ஊரில் இதைப் படிப்பவர்கள், நாலு பெரிய மனிதர்கள் சாப்பிட வரும் இடத்தில் அப்பனைக் காட்ட மகளுக்கு வெட்கம் என்று நினைக்கலாம். காரணம் அதுவல்ல. அப்பா விசிட் விசாவில் வந்திருக்கிறார். என் நிறுவனத்தின் பேரில் வேலை அனுமதி இல்லாத யாரும் என் இடத்தில் வேலை செய்யக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். பெற்ற தகப்பனுக்கும் விலக்கில்லை. பிடிபட்டால் எனக்கு அபராதம். அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம், மறுபடி வர விடாமலும் செய்யலாம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அமீரகத்தின் புஜைராவில் இந்த உணவகத்தைத் தொடங்கியபோது, "சட்டமெல்லாம் விசா ஃபாரம் அடிக்கிற டைப்பிங் சென்டர்க்காரன் பாத்துக்குவான்" என்றார்கள். நான் கேட்கவில்லை. தொழிலாளர் சட்டத்தை ஆங்கிலத்தில் வரிவரியாக நானே படித்தேன். வார விடுமுறை, ஓவர்டைம், வேலையை விட்டுப் போகும்போது தர வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்ற இடம் வந்தபோது மட்டும் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். இதே ஊரில் எண்ணெய்த் தொட்டிகளுக்குச் சாரம் கட்டியவர் அப்பா. விசா கொடுத்த கஃபீலின் அலமாரியில் இருந்தது அவர் பாஸ்போர்ட். நான் பெரியவளானபோதும், அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோதும் அது வெளியே வரவில்லை.

போன மாதம் ஒரு காலை. சமையலறை மூலையில் ஸ்டூல் போட்டு அப்பா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் மாஸ்டர் செல்வம்.

"ஐயா, மேடம் பாத்தா என்னையத்தான் பேசுவாங்க."

"பேசட்டும். இலை உருவுறதெல்லாம் ஒரு வேலையாய்யா?"

நான் உள்ளே நுழைந்தபோதே, என் பின்னால் தொழிலாளர் துறை ஆய்வாளரும் நுழைந்தார். அபாயா அணிந்த, என் வயதுப் பெண். எல்லோருடைய அட்டைகளையும் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்து நின்றார்.

"இவர்?"

"என் அப்பா."

"இங்கே வேலை செய்கிறாரா?"

"இல்லை, சும்மா உதவி செய்கிறார்."

சட்டத்தை முழுதாகப் படித்தவள் சொன்ன பதில் அது. நம் வீடுகளில் வந்தவர்கள் கை கொடுப்பதை யாரும் வேலை என்பதில்லை. ஆய்வாளருக்கோ, அனுமதியில்லாமல் வேலை செய்பவரைக் காட்டிக் கொடுத்த மாதிரி அது. அவர் குனிந்து அப்பாவிடம், வேலை செய்கிறீர்களா என்று இந்தியில் கேட்டார்: "பாபா, காம் கர்தா?"

பழைய லேபர் கேம்ப் பழக்கம். அப்பா விறைப்பாக எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஆமாம், நல்ல வேலை என்று பெருமையோடு சொன்னார்: "ஹா மேடம். அச்சா காம்."

மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் உதிர்ந்து கிடந்த இலைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என் தகப்பனாரும் வீட்டில் சும்மா இருக்க மாட்டார். ஆனால் இது உங்கள் வீடு இல்லை. இன்னொரு முறை பார்த்தால் அபராதம் எழுதிவிடுவேன்."

அவர் போன பிறகு விஷயத்தை விளக்கினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "யல்லா யல்லான்னு வெரட்டி வேலை வாங்குன ஊரு, இப்ப வேலை செஞ்சாப் புடிக்குமா?" மறுநாளிலிருந்து சிரிப்பு இல்லை. ஃபிளாட்டில் தனியாக அடைந்து கிடக்க அவரால் முடியவில்லை. இங்கே வந்து கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விசிட் விசாவைக் குடும்ப விசாவாக மாற்றி, அவரைக் கடைசிவரை என்னோடு வைத்துக்கொள்ளத்தான் அழைத்து வந்தேன். நேற்று சொன்னார்: "டிக்கெட்டப் போட்டுரு பாப்பா. குந்திக்கிட்டுத் திங்க என்னால ஆவாது." அவரோடு நானும் போய்விட முடியாது. உரிமமும் இத்தனை பேருடைய விசாவும் என் கையெழுத்தில் நிற்கின்றன.

"ஐயா பேருக்கே வேலை அனுமதி எடுத்துருங்க மேடம்" என்றார் மாஸ்டர். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நீதான் எனக்குக் கஃபீலா? பாஸ்போர்ட்ட உங்கிட்ட குடுத்துரணுமா பாப்பா?"

கேலியாகத்தான் கேட்டார். "இப்பச் சட்டம் அப்படி இல்லப்பா" என்றேன். அந்த அனுமதிக்கு நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. டிக்கெட்டும் போடவில்லை.

இன்று மதியம் அவர் கண்ணாடி ஓர மேசையில் சாப்பிட்டார். அங்கிருந்து பார்த்தால் எண்ணெய்த் தொட்டிகள் தெரியும். சாப்பிட்டு முடித்துத் தட்டைப் பாதி தூக்கியவர், வாசலைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மறுபடி வைத்தார். நான் போய் எடுத்தேன். ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த கறிவேப்பிலை, ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கப்பட்டிருந்தது.