அம்சவல்லி வெட்டிய குழி

கீழ்வேளூருக்குக் கிழக்கே மூன்று மைலில் எங்கள் ஊர். அங்கே யார் செத்தாலும் குழி வெட்டுகிற நாலு பேரில் நான்தான் மேஸ்திரி. பெயர் வீராசாமி. அம்சவல்லி அக்காவைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். அவரை எதிர்த்து நின்ற ஆள் நான். அதனால் நான் சொன்னால் கொஞ்சம் நம்பலாம்.

முதலில் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் வெட்டு விழுமுன் குழியின் நாலு மூலையிலும் சாவு வீட்டிலிருந்து வரும் சரக்கைத் தெளிக்க வேண்டும். பிறகு வெட்டுகிறவர்கள் குடிப்போம். பிணத்தை இறக்கியதும், முதல் மண் தள்ளப்போகும் மகன் மிச்சத்தில் ஒரு வாய் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்தவன் தாகத்தோடு போவானாம். இதை யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. எவனோ ஒரு குடிகாரன்தான் சொல்லியிருப்பான், வேறு யாருக்கு இவ்வளவு அக்கறை?

அக்கா எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த முதல் பெண். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போன வருடங்களில் ஆண்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். அக்காவின் ஒரே தம்பி இளையபெருமாளும் சிங்கப்பூர் போனான். குடியால் வேலை போய், இரண்டே வருடத்தில் திரும்பி வந்தான். அக்கா அவனை நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ராத்திரி பகலாகப் பக்கத்தில் கிடந்து மீட்டார். ஏழு மாதம் அவன் தொடவில்லை. அப்போதுதான் அவர்கள் அப்பா இறந்தார். அப்பாவின் சாவில் ஒரு குறையும் வரக்கூடாது என்று அக்காவே ஆள் அனுப்பி பாட்டில் வாங்கி வைத்தார். குழிமேட்டில் அந்த ஒரு வாயை இளையபெருமாளிடம் நீட்டினார்கள். அந்த ஒரு வாய் மறுநாள் ஒரு பாட்டில் ஆயிற்று. வருடம் திரும்புவதற்குள் அவனுக்கும் நான் குழி வெட்டினேன். அன்றைக்கும் வழக்கப்படி பாட்டில் வந்தது, நாங்களும் குடித்தோம்.

சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனம் குடிநோய் வேலைக்கு உள்ளூர் ஆள் தேடியது. அக்கா சேர்ந்தார். மூன்று வருடத்தில் அவர்கள் மேசை, நாற்காலி, போர்டு எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா மட்டும் வேலையை விடவில்லை. பகலில் தையல், மற்ற நேரமெல்லாம் இந்த வேலைதான். குடியை நிறுத்தியதும் யாருக்காவது கை நடுங்கி வலிப்பு வந்தால், தானே ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்.

குடியை விட நினைக்கிறவர்களுக்கு அவர் நடத்திய கூட்டம் இன்னும் வம்பு. எங்களுக்குக் கூலி கிடைப்பது சனிக்கிழமை சாயங்காலம். ஒயின் ஷாப்புக்குப் போகிற ரோட்டில் நெல் கொள்முதல் கொட்டகை ஒன்று உண்டு. அறுவடை இல்லாத மாதங்களில் அது காலி. நாங்கள் கூலி வாங்கிக்கொண்டு வருகிற நேரத்துக்குச் சரியாக அங்கே பாய் விரித்து, டீ போட்டு உட்கார்ந்திருப்பார். குடிக்கப் போகிறவன் அவர் முகத்தைப் பார்க்காமல் கடைக்குப் போக முடியாது. "உனக்கு வேற இடமே கிடைக்கலையாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "மீன் இருக்கிற இடத்துலதானே வலை போடணும்" என்றார். நான் சிரித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

அந்தக் கொட்டகைக்கு ஒழுங்காக வந்தவன் கொத்தனார் செல்லதுரை. பதினோரு மாதம் ஒரு சொட்டு குடிக்கவில்லை. தாய் வீட்டுக்குப் போயிருந்த அவன் மனைவி பூவிழி, அதை நம்பித்தான் பிள்ளைகளோடு திரும்பி வந்திருந்தாள். "இன்னொரு தடவை வாயில் வைத்தால் நான் திரும்பிப் பார்க்கவே மாட்டேன்" என்று ஊர் நடுவிலேயே சொல்லியிருந்தாள். 2009 ஐப்பசியில் செல்லதுரையின் அப்பா செத்தார்.

காலை எட்டு மணிக்கு நாங்கள் நாலு பேரும் சுடுகாட்டுக்குப் போய், அரச மரத்தடியில் உட்கார்ந்து பாட்டிலுக்குக் காத்திருந்தோம். பாட்டில் வரவில்லை. அக்கா வந்தார். எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள், சுடுகாட்டுக்குள் வரமாட்டார்கள். அவர் பாட்டுக்கு வாய்க்கால் மதகைத் தாண்டி நேராக வந்தார். பின்னாலேயே தெருப் பெரியவர் கலியமூர்த்தி ஓடிவந்தார்.

"செல்லதொர வீட்டுலேருந்து இன்னைக்கு சரக்கு வராது. குழி வெட்டுங்க, சாப்பாடு வரும்" என்றார் அக்கா.

"ஊர் வழக்கத்தை மாத்த நீ யாரு?" என்றார் கலியமூர்த்தி.

"இந்த வழக்கத்துக்கு எங்க வீட்டுல ஒருத்தனைக் குடுத்தவ பெரியப்பா. இன்னொரு வீட்டுலேருந்து குடுக்க விடமாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் காலையிலிருந்து ஒன்றும் உள்ளே போகாததால் கோபம்தான் முந்திக்கொண்டது. "அப்ப நீயே வெட்டிக்கக்கா" என்று மண்வெட்டியை அவர் காலடியில் எறிந்தேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அக்கா எடுத்துக்கொண்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார். நாற்று நட்டு வளர்ந்த உடம்பு, வேலைக்கு அஞ்சாது. கொஞ்ச நேரத்தில் பூவிழி இன்னொரு மண்வெட்டியோடு வந்தாள். பிறகு இரண்டு பெண்கள். கலியமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஐப்பசி மண் ஈரக் களிமண். இடுப்பளவு போனதும் ஊற்று சுரக்கும். பக்கத்தைச் சரிவாக வெட்டாவிட்டால் சரிந்து ஆளையே மூடிவிடும். அக்காவுக்கு அது தெரியவில்லை, நேராக வெட்டிக்கொண்டே போனார். வடக்குப் பக்கம் விரிசல் விட்டதைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. "ஏறுக்கா மேல" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குடிக்காமல் குழி வெட்டினேன். கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். என் ஆள்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

மத்தியானம் செல்லதுரை அப்பாவைக் கொண்டுவந்தான். குழிமேட்டில் யாரோ இடுப்பிலிருந்து ஒரு குவார்ட்டரை உருவி, "ஒரு வாய்டா, அப்பனுக்காக" என்று நீட்டினார்கள். அவன் கை பாதி தூரம் போய்விட்டது. அக்கா தடுக்கவில்லை. சேறு அப்பிய மண்வெட்டியை அவனிடம் நீட்டினார். ஒரு பக்கம் பாட்டில், ஒரு பக்கம் மண்வெட்டி. செல்லதுரை மண்வெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, ஓவென்று அழுதுகொண்டே முதல் மண்ணைத் தள்ளினான். குழி மூடி முடியும்வரை யாரிடமும் அதைக் கொடுக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து என் கையையே பார்த்தார்.

"ரொம்ப நடுங்குதா?"

கையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டேன்.

"என் தம்பிக்கும் இந்தக் கைதானே குழி வெட்டுச்சு. அன்னைக்கு உனக்கு பாட்டில் வாங்கிக் குடுத்தது நான்தான் வீராசாமி. அவனைக் கொன்னதையே அவன் குழிக்கும் வாங்கிக் குடுத்தேன். இன்னொரு தடவை அந்தத் தப்பைப் பண்ணமாட்டேன். நட, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"கடையைத் தாண்டித்தானேக்கா பஸ் ஸ்டாப்புக்குப் போகணும்" என்றேன். எனக்கே என் குரல் பிள்ளைக் குரல் மாதிரி கேட்டது.

"கூட நான் வரேன்ல."

முழங்கால்வரை சுடுகாட்டுச் சேறு. அதோடு ரோட்டின் நடுவில் என் பக்கத்திலேயே நடந்தார். கடை வாசலில் நின்றிருந்த முப்பது பேரும் எங்களைப் பார்த்தார்கள், எவனோ விசிலடித்தான். அக்கா நடையை வேகப்படுத்தவில்லை. கடைக்கு நேர் எதிரே போய் நின்றார். அவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்தும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அதன் பிறகுதான் என்னை நடக்கவிட்டார்.