காளைக்குக் கழுத்து எத்தனை இன்ச்?

ஆன்லைன் வியாபாரத்தில் விற்பது பெரிதில்லை, விற்றது திரும்பி வராமல் இருப்பதுதான் பெரிது. அனுப்பிய பார்சலே நாலு நாள் கழித்து வாசலில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் எல்லாரும் நம்ம ஆட்கள்தான், பக்கத்தில் வாருங்கள்.

என் மதினி கவிதா செல்லூர் மாடி அறையில் இருந்துகொண்டு ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு மணி கோத்த கழுத்துப் பட்டை விற்கிறார். பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜ் திறக்கும்வரை போன் எடுக்கிற வேலை எனக்கு. யார் பேசினாலும் அதே குரலில் திருப்பிப் பேசுகிற வியாதியும் எனக்கு உண்டு. ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் லீவு விட்டு ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியவள் நான்.

நல்லா என்றால் எம்புட்டு?

மதினி வெள்ளை போர்டில் முதலில் எழுதியது, "இந்த மாசம் நல்லா செய்யணும்." நான் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில், "நல்லான்னா எம்புட்டும்மா? எனக்கு நம்பர் வேணும்" என்றேன். சிரித்துக்கொண்டே அழித்தவர், அப்புறம் சிரிக்கவில்லை. நாங்கள் சரக்குப் போடும் இணையச் சந்தையிலிருந்து காலையில் வந்த மெயிலைக் காட்டினார். போன மாதம் நாற்பது பார்சல் போய்ப் பதினொன்று திரும்பியிருக்கிறது. இந்த மாதம் பத்துக்கு ஒன்றுக்கு மேல் திரும்பினால் கடையை எடுத்துவிடுவார்களாம்.

இந்தக் கடைக்காக ஜவுளிக்கடை வேலையை விட்டு வந்தவர் மதினி. போர்டில் மூன்று கட்டம் போட்டார்: அனுப்பியது, அளந்தது, திரும்பியது. இந்த மாதமும் நாற்பதுதான் போகும் என்று கணக்குப் போட்டு, மூன்றாவது கட்டத்துக்கு மேலே பெரிதாக 4 எழுதி வட்டமிட்டார். "அஞ்சாவது வந்துச்சுன்னா நான் மறுபடியும் ஜவுளிக்கடையில பொழுதுக்கும் நிக்கணும்டி. என் முட்டி தாங்காது."

டேப்

பதினொன்றும் ஏன் திரும்பின என்று உட்கார்ந்து எழுதினோம். ஒன்பதுக்கு ஒரே காரணம், பட்டை கழுத்துக்குச் சேரவில்லை. சைஸ் கேட்கிற இடத்தில் அத்தனை பேரும் 'பெரியது' என்று அழுத்தியிருக்கிறார்கள். தன் காளை நடுத்தரம் என்று ஒத்துக்கொள்கிற ஆளை இந்தப் பக்கத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. அன்றைக்கே சின்னது, நடுத்தரம், பெரியது எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். இனி இன்ச் மட்டும்தான். அளவு சொல்லாமல் ஒரு பார்சலும் படி இறங்காது.

முதல் போன் அலங்காநல்லூருக்கு. "அண்ணே, மாட்டுக்குக் கழுத்து எத்தனை இன்ச்?" "பெரிய மாடு பாப்பா." "எம்புட்டுப் பெருசுண்ணே?" "நாலு ஊருக்குத் தெரியும்." "எங்க டேப்புக்குத் தெரியாதுண்ணே. அளந்து சொல்லுங்க." அரைமணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். குரலில் கொஞ்சமும் வருத்தமில்லை. "அளக்கத்தான் போனேன் பாப்பா. டேப்பைத் தின்னுபுட்டு நிக்குது. பார்சல்ல ஒரு டேப் சேத்துப் போட்டுரு."

மிஷின் பேசுது

மனுஷி கேட்டால் பெருமை பேசுகிறவர்கள், மிஷின் கேட்டால் அடக்கமாகப் பதில் சொல்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அம்புட்டு சந்தோஷம். பேங்குக்குப் போன் போட்டால் பேசுமே ஒரு அம்மா, அந்தக் குரலை எடுத்தேன். "வணக்கம். தங்கள் காளையின் கழுத்துச் சுற்றளவை இன்ச்சில் கூறவும். பெரியது என்று கூற வேண்டாம்."

மேலூர்க்காரர் ஒருவர், "இருங்க, அளந்துட்டு வாரேன்" என்று போனார். வந்து, "முப்பத்தெட்டு" என்றார். "உறுதி செய்ய மீண்டும் ஒருமுறை அளக்கவும்." அதற்கும் போனார். தூரத்தில் யாரோ ஓடுகிற சத்தம், வாளி உருளுகிற சத்தம். மூச்சு வாங்க வந்து, "அதே முப்பத்தெட்டுத்தான்" என்றவுடன் எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அந்தப் பக்கம் வாளியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, மிஷினுக்கு எதுக்கும்மா சிரிப்பு வருது?"

பக்கத்து வீட்டு மாடு

மாதம் முடிய இரண்டு நாள். அனுப்பியது நாற்பது, அளந்தது நாற்பது, திரும்பியது நாலு. அப்போது சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் கூப்பிட்டார். "பட்டை இறுக்குது தங்கச்சி. திருப்பி அனுப்பப் போறேன்." "அளந்துதானண்ணே சொன்னீங்க?" "அளந்தேன். என் மாடு கிட்ட விடலை. பக்கத்து வீட்டு மாடு சாது, அதை அளந்தேன். ரெண்டும் ஒரே சாடைதான்."

ஒரு நாள் பொறுங்கள் என்று கெஞ்சிப் போனை வைத்தேன். "மதினி, இவர் குரல்லயே நான் கூரியருக்குப் பேசி, பார்சல் எடுக்க வர வேணாம்னு சொல்லிரவா?" என்று அவர் குரலிலேயே கேட்டேன். அச்சாக இருந்தது. மதினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலு சைஸில் பட்டைகளை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டே சொன்னார்: "குரலு மாறும். மாட்டுக் கழுத்து மாறுமாடி? வண்டிச் சாவியை எடு."

மாட்டி விட்டது

கொடிக்கால்காரர் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க, மதினி டேப்போடு நெருங்க, மாடு ஒரு சுற்றுச் சுற்றியது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் குரலில், "கருப்பா, நில்லுடா ராசா" என்றேன். மாடு நின்றது. அவரை ஒருமுறை பார்த்தது, என்னை ஒருமுறை பார்த்தது. எந்த முதலாளி நிஜம் என்று அது யோசித்து முடிப்பதற்குள் மதினி அளந்துவிட்டார். நாற்பத்திரண்டு. பையிலிருந்த பெரிய பட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. நெருங்கிப் போய் மணியை ஆட்டிப் பார்த்த என் காலை மட்டும் கருப்பன் நிதானமாக மிதித்தான்.

பழைய பட்டையை மதினி கையிலேயே வாங்கிக்கொண்டார்; கூரியரில் திரும்பாததால் அது சந்தைக்காரர்கள் கணக்கில் ஏறாது. கொடிக்கால்காரர் எங்கள் வண்டிவரைக்கும் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்க மச்சான் மாட்டுக்கும் இதே மாதிரி வந்து மாட்டி விடுவீகளா? அது கொஞ்சம் முட்டும்."

மாதக் கடைசியில் நாலு நாலாகவே நின்றது, கடையும் பிழைத்தது. மாடு மிதித்து வீங்கின என் கட்டைவிரலை மட்டும் போர்டில் எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்று மதினிக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.