ஹோமத்தன்று வெடித்த தரை

1. பிஸ்கட் டின்

அந்தத் திங்கட்கிழமை நான் அலுவலகக் கதவைத் திறப்பதற்கு முன்பே புஷ்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின்.

புகார் கொடுக்க வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். கைத்தொலைபேசி நிறையப் படம் இருக்கும், குரலில் சூடு இருக்கும், சட்டம் பேசத் தெரிந்த ஒரு மைத்துனரும் கூடவே இருப்பார். புஷ்பா தனியாக வந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மேடம், மன்னிச்சிருங்க. புது வீட்டு டைல்ஸ ஒடைச்சிட்டோம்."

டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே சாம்பல் நிற டைல் துண்டுகள், துணியில் சுற்றி வைத்திருந்தார்.

நான் வேலை செய்தது ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் டிஃபெக்ட் பிரிவில். சாவி கொடுத்த நாளிலிருந்து இருபத்து நான்கு மாதங்களுக்குள் வீட்டில் கட்டுமானக் கோளாறு தெரிந்தால் நிறுவனம் தன் செலவில் சரி செய்து கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் பாரத்தில் எழுதிக் கொடுப்பார். நான் போய்ப் பார்த்து, அது கோளாறா இல்லையா என்று அறிக்கை கொடுப்பேன். 'கூரை ஒழுகுது' என்பவரிடம், கட்டட வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளர் 'மழை ரொம்ப பெருசு' என்று பதில் சொல்வார். இந்த இருவருக்கும் நடுவில் நின்று இருபது ஆண்டு பிழைத்தவள் நான். ஆனால் மன்னிப்புக் கேட்டு வந்த ஒரே வீட்டுக்காரர் புஷ்பாதான்.

அவர் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர். கணவர் ஆறுமுகம் தோட்டத்தில் லோரி ஓட்டியவர்; இனிப்புநீர் நோயால் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டு, கைத்தடி ஊன்றி நடக்கிறார். படி இல்லாத வீடுதான் வேண்டும் என்று மூன்று வருடம் தேடி, புக்கிட் ரோத்தானைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் நிறுவனம் கட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கினார்கள். மாடி இல்லாத வரிசை வீடுகள், மொத்தம் முப்பத்தெட்டு. ஆறுமுகம் வேலை செய்த தோட்டம் கைமாறிவிட்டதால், அங்கே அவர்கள் இருந்த லயத்து வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

சாவி வாங்கி ஐந்து மாதம் கழித்து, முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை புதுமனை புகுவிழா. ஹாலின் நடுவில் செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, ஐயர் கணபதி ஹோமத்தை ஆரம்பித்திருக்கிறார்.

"நெய் ஊத்திக்கிட்டு இருக்காரு மேடம். டமால்னு ஒரு சத்தம். கேஸ் தோம்பு வெடிச்சிருச்சுன்னு எல்லாம் வெளிய ஓடிட்டாங்க. திரும்பி வந்து பாத்தா தரை தூக்கிட்டு நிக்குது." டின்னை மூடினார். "இந்த வீடு எங்கள வேணாங்குதோ என்னமோ."

போய் வேலையைப் பாருங்கள், நான் சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

2. வீடியோ

எங்கள் மேனேஜர் பிரகாஷுக்கு வயது முப்பத்தைந்து. வேலையில் கெட்டிக்காரர். நான் அவர் அறைக்குள் போனபோது அந்த ஹோம வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் யாரோ எடுத்து வாட்ஸப்பில் விட்டது, ஒரே ராத்திரியில் கோலசிலாங்கூர் முழுக்கச் சுற்றி அவரிடமே வந்து சேர்ந்துவிட்டது.

"என்னாலா கலாக்கா இது? டைல்ஸ் மேல நெருப்ப வச்சா வெடிக்காம பூவா பூக்கும்?"

"மணல் போட்டிருக்காங்க சார். காலைல வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாங்க."

"நானும் ஹோமம் வச்சவன்தான். அடியில தகரம் போட்டு, அது மேல ரெண்டு வரிசை கல்லு வச்சோம். இது ஓனர் டேமேஜ், டிஃபெக்ட் இல்ல. இதுக்குச் செஞ்சு குடுத்தா மிச்ச முப்பத்தேழு வீடும் வரிசை கட்டி வந்து நிக்கும்."

மேசையிலிருந்த கடிதத்தை என் பக்கம் தள்ளினார். நெருப்பு மூட்டியதால் ஏற்பட்ட சேதத்துக்குத் தாங்களே பொறுப்பு, நிறுவனத்திடம் இது பற்றி எதுவும் கோர மாட்டோம் என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளும் கடிதம்.

"அவங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல? நல்லதாப் போச்சு. சைன் வாங்கிருங்க."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சம்பிரதாயத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் புது டைல்ஸ் மேல் நெருப்பு வைத்துவிட்டுக் கம்பெனியைக் கேட்க முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

3. மேடு பள்ளம் தெரியாத கால்

ஆறுமுகம் வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைத்தடி மடியில் கிடந்தது.

"உள்ள வாங்களேன் அண்ணே, சேர்ந்து பாப்போம்" என்றேன்.

"வேணாம் மேடம். இந்தக் காலுக்கு மேடு பள்ளம் தெரியாது. தடுக்குனா, விழுந்த பெறகுதான் தெரியும்."

புஷ்பா என்னை உள்ளே கூட்டிப் போனார். ஹோமம் நடந்த இடத்தில் நான்கு டைல்களில் கறுப்புத் தடம், ஒன்றில் மயிரிழை அளவு விரிசல். அவ்வளவுதான். தரை எழும்பியிருந்தது அங்கே இல்லை. அங்கிருந்து பத்தடி தள்ளி, சமையலறை வாசலிலிருந்து பின்னறைவரை ஒரு வரிசை டைல்ஸ், இரண்டு இரண்டாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கூடாரம் போல நின்றன. நெருப்புச் சூடு அங்கே எட்டியிருக்க வழியே இல்லை.

குனிந்து ஒரு டைலைத் தூக்கினேன். கையோடு வந்துவிட்டது. பின்பக்கம், பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல் சுத்தமாக இருந்தது. அடியில், தரையில், ஐந்து சிமெண்ட் உருண்டைகள். நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று. டைல் ஒட்டும்போது அடிப்பக்கம் முழுவதும் சாந்து பரவியிருக்க வேண்டும். அவசரக்காரர்கள் ஐந்து உருண்டை வைத்து மேலே அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சுவரோரத்தில் விட வேண்டிய இடைவெளியையும் விடவில்லை. வெயிலில் டைல்ஸ் விரிந்தால் போக இடமில்லாமல் ஒருநாள் மேலே கிளம்பும். அந்த நாள் ஹோமத்தன்று வந்து தொலைந்திருக்கிறது.

காரிலிருந்து என் கம்பியை எடுத்து வந்தேன். நுனியில் உலோக உருண்டை வைத்த நீட்டுக் கம்பி அது. நன்றாக ஒட்டிய டைலைத் தட்டினால் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் 'டொக்'. இதைத்தான் எங்கள் தொழிலில் கோப்பாக் என்போம். ஹால் முழுக்கத் தட்டினேன். டொக், டொக், டொக்.

மற்ற அறைகளைத் தட்டாமல் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏனென்று சொல்கிறேன். சாவி கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சோதனைப் பட்டியல் உண்டு. அதில் பதினான்காவது வரி, 'தரை டைல்ஸ் தட்டிப் பார்க்கப்பட்டது'. அந்த வரிக்கு நேராக முப்பத்தெட்டு வீட்டுக்கும் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தவள் நான். இரண்டே நாள்தான் கொடுத்திருந்தார்கள். தரை பளபளவென்று இருந்தது. கம்பி காரிலேயே கிடந்தது. நான் ஒரு டைலைக்கூடத் தட்டவில்லை.

புஷ்பா இன்று இந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டால் எல்லாம் நெருப்போடு முடிந்துவிடும். பதினான்காவது வரியை யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. இந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். கோப்பைத் திறந்தேன், கடிதத்தை எடுத்து வாசலில் இருந்த சின்ன மேசையில் வைத்தேன், பேனா மூடியையும் கழற்றினேன்.

"எங்க மேடம் சைன் வைக்கணும்?" என்றார் புஷ்பா.

எழுதியிருப்பதைப் படிக்கக்கூட இல்லை. புருஷனை ஒரு முறை பார்த்தார். அவர் சொன்னார்:

"அதான் மேடம் உள்ள போயித் தட்டிப் பாத்துட்டாங்கல்ல. அவங்களுக்குத் தெரியாததா? வை."

வெட்கமாக இருந்தது. என் வேலையில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி வெட்கப்பட்டதில்லை. கடிதத்தை இழுத்து மடித்துக் கோப்புக்குள் போட்டேன்.

"இதுல கையெழுத்துப் போடாதீங்க. இது உங்க தப்பில்ல. டைல்ஸ் ஒட்டுனதுல கோளாறு. அதத் தட்டிப் பாக்காம விட்டது நானு."

புஷ்பா கேட்டார்.

"அப்ப வீடு எங்கள வேணாங்கலியா?"

"வீடு ஒன்னும் சொல்லல புஷ்பா. சிமெண்ட் பத்தலன்னு தரை சொல்லுது, அவ்ளோதான்."

ஆனால் நான் சொன்னால் பிரகாஷ் நம்பமாட்டார். ஹோமம் என்ற ஒரு வார்த்தையை வைத்தே அடித்துவிடுவார். நெருப்பே மூட்டாத வீடு ஒன்று வேண்டும். பக்கத்து வீட்டில் காக் ரோஸ் இருந்தார்; காக் என்றால் மலாயில் அக்கா. ஓய்வு பெற்ற மலாய்க்காரத் தாதி, குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வேலியோரம் போய், உங்கள் தரை எப்படி இருக்கிறது என்று மலாயில் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி உள்ளே கூட்டிப் போய், ஹாலில் விரித்திருந்த பாயைத் தூக்கிக் காட்டினார். மூன்று டைல்கள் எழும்பி நின்றன.

சோபாவை இழுத்துப் போட்டபோது தானே உடைத்துவிட்டதாக நினைத்து, பாயைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். தட்டிப் பார்த்தேன். அங்கேயும் பாதி ஹால் கோப்பாக். முழுப் பணம் கொடுத்து வீடு வாங்கிய இரண்டு குடும்பமும், வீட்டை உடைத்தது தாங்கள்தான் என்று ஆளுக்கொரு பக்கம் குமைந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

4. பதினான்காவது வரி

மறுநாள் காலை இரண்டு வீட்டுப் படங்களையும் ஐந்து உருண்டைப் படத்தையும் பிரகாஷ் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஹேண்டோவருக்கு முன்னாடி எந்த மடையன் செக் பண்ணான்?"

"நான்தான் சார். முப்பத்தெட்டும் நான்தான். தட்டாமலே டிக் போட்டேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கலாக்கா, நீங்க வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே. லெட்டரு கையில இருந்துச்சே."

"இருந்திருக்கலாம். அந்த மனுசன் விழுந்திருந்தா அப்புறம் எனக்குத் தூக்கம் வராது சார்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிரிவுத் தலைவர் பதவிக்குப் போயிருந்த என் பெயர் திரும்பி வந்தது. அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார், அவருக்குக் கீழேதான் நான் ஓய்வு பெற்றேன். அதில் வருத்தம் உண்டு. இன்றைக்கும் உண்டு.

முப்பத்தெட்டு வீட்டையும் திரும்பப் போய்த் தட்டினேன். சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டுக்கொண்டே போனேன். பதினொரு வீட்டில் கோப்பாக். டைல்ஸ் குத்தகையாளர் வந்து, "அஞ்சு உருண்டை போதும்லா, எல்லா சைட்லயும் இப்படித்தான்" என்றார். உருண்டைகள் மேலே நின்றுகொண்டே சொன்னார். நிறுவனம் அவருக்குத் தர வேண்டியதை நிறுத்தி வைத்ததும் மறுவாரமே ஆளோடு வந்து நின்றார்.

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்ட அலுவலகத்தில் கணக்கு வழக்குப் பார்க்கும் கிராணியை நானே போய்ப் பார்த்து, ஆறுமுகம் லயத்து வீட்டைக் காலி செய்ய மூன்று வாரத் தவணை கேட்டு வாங்கினேன். என் கையெழுத்தால் வந்த வினை, நான்தான் அலைய வேண்டும்.

5. கதவு

ஆறுமுகத்தின் வீட்டில் தரை முழுவதையும் பெயர்த்து, புதிதாக ஒட்டி முடித்தார்கள். சாந்து பரப்பும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். காய்ந்த பிறகு அறை அறையாகத் தட்டினேன். ஒரு டைலையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு, வேலை திருப்திகரமாக முடிந்தது என்ற பாரத்தை ஆறுமுகத்திடம் நீட்டினேன்.

அவர் பேனாவை வாங்கவில்லை.

"நீங்க தட்டிட்டீங்க. நானும் ஒருவாட்டி தட்டிக்கிறேன் மேடம். தப்பா நெனச்சுக்காதீங்க."

கைத்தடியின் அடியிலிருந்த ரப்பரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனார். புஷ்பா பின்னாலேயே போனார். நான் ஹாலில் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. டக், டக் என்றே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

பின்னறைக்குள் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, 'டொக்'.

எழுந்து ஓடினேன். கதவு திறந்திருந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் மூலையில், அதற்குப் பின்னால் மறைந்துபோகும் ஒரே ஒரு டைல். நான் அறை அறையாகப் போனபோது எல்லாக் கதவும் திறந்தே கிடந்தன. அப்படி ஒரு மூலை அங்கே இருப்பதே என் கண்ணில் படவில்லை.

ஆறுமுகம் என்னைத் திட்டவில்லை. இன்னொரு முறை தட்டிக் காட்டினார். அவ்வளவுதான். இரண்டு நாளில் அந்த டைலையும் மாற்றினோம். வந்து தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே குடிவந்தார்கள். இரண்டாவது ஹோமம் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. காக் ரோஸ் கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நிறைய இல்லை. காதால் கேட்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அறைக்குள் போனதும் முதலில் கதவைச் சாத்துங்கள், பிறகு தட்டுங்கள். ஓய்வு பெறும் நாள்வரை நான் அப்படித்தான் செய்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "ஏன் கலாக்கா, எல்லா ரூம்லயும் கதவ மூடிக்கிறீங்க?" என்று சிரிப்பார்கள்.

"எனக்கு அப்புறம் ஒருத்தர் வந்து தட்டுவாரு" என்பேன்.