வலது தோள்

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கோப்பைகளுக்குக் காது ஒட்டும் வேலை பார்த்தேன். கணவர் காய்ச்சலில் இறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. நான் தனியாகக் குடியிருந்த ஓட்டு வீடு தனக்குத்தான் சேரவேண்டும் என்று அவருடைய அண்ணன் அடிக்கடி குடித்துவிட்டு வந்து கத்துவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை உதைத்துக் கவிழ்த்தார்.

"வூட்ட காலி பண்ணுன்னா காதுல வுழலியாடி?"

"எங்க போவேன் மாமா? இது அவரு கட்டுன வூடு."

கன்னத்தில் அறை விழுந்தது. அடுத்ததைத் தடுக்க வலது கையை உயர்த்தினேன். மணிக்கட்டைப் பிடித்துப் பின்பக்கமாக முறுக்கி இழுத்தார். தோளுக்குள் ஏதோ கிழிந்தது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்த பிறகும் விலாவில் உதைத்துவிட்டுத்தான் போனார்.

பக்கத்து வீட்டு அக்கா ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தோளின் உருண்டை இறங்கி, அந்த இடம் மேசை முனைபோலத் துருத்திக்கொண்டிருந்தது. டாக்டர் என் அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுத்தார். எலும்பு குழிக்குள் போய் விழுந்தபோது எனக்கு நினைவு தப்பிவிட்டது.

தோளில் போட்டிருந்த கட்டைப் பிரித்த பிறகும் கை பக்கவாட்டில் எழவில்லை. இடது கையால் கொஞ்சம் தூக்கிவிட்டால் அதற்கு மேல் அதுவே எழுந்தது. ஏன் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"தோள மூடியிருக்குதே பெரிய சதை, கைய மேல தூக்குறது அதுதாம்மா. அதுக்கு அடியில சின்னதா நாலு சதை எலும்ப குழியிலயே புடிச்சி வெக்குது. அதுல மேல இருக்குற சதைதான் மொதல்ல கைய அசைச்சிக் குடுக்கும். உங்களுக்கு அது கிழிஞ்சிருக்குது. சுவத்துல வெரல ஏத்தி ஏத்திப் பழகுங்க."

தினமும் சுவரில் விரல்களை ஏற்றினேன். வலியில் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் என்னை உதைத்த அந்த ஆளின் முகத்தை நினைத்துக்கொள்வேன்.

தை மாதத்தில் அவர் மறுபடி கடப்பாரையோடு வந்து கதவை நெம்பினார். நிலை பெயர்ந்து கதவு சாய்ந்தது. நான் உலக்கையை எடுத்தேன். தோளை நம்ப முடியாது. முழங்கையை இடுப்போடு ஒட்டி, உடம்பையே சுழற்றி வீசினேன். அடி முழங்காலில் விழுந்தது. அவர் அலறிக்கொண்டு சரிந்தார். தரையில் கிடந்தவரை முதுகில் மறுபடி அடித்தேன். மறுபடியும்.

"விடுடி, செத்துடப் போறான்!" என்று அக்கா என் இடுப்பைக் கட்டி இழுத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. நிறுத்த மனம் வராததுதான் பயமாக இருந்தது.

போலீஸ் வந்தது. தெருவே கூடி நடந்ததைச் சொன்னதால் என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவர் அதன் பிறகு என் வாசலுக்கு வரவில்லை; நொண்டிக்கொண்டே நடப்பதைக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன். என் கை காது வரைக்கும்தான் எழும். அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன்.